அறுத்தெடுத்த மூன்று படிகள்

டமாரென்று ஒரு சத்தம். சவுரிராயனின் கையிலிருந்த டீ டம்ளர் துள்ளிக் கீழே விழுந்தது.

“ஏரி ஒடஞ்சிடுச்சி! ஓடுங்க, ஓடுங்க!” பக்கத்து வீட்டுக் கிருஷ்ணசாமி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் பறந்தார்.

விழுப்புரத்துக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்தத் தெரு. மூன்று நாள் மழையில் செல்போன் சிக்னல் செத்துக் கிடந்தது. ஓடுவதற்கு ஒரே இடம்தான், மாதா கோயில். உள்ளே பாடகர் குழு நின்று பாடும் மாடிக்குப் படிக்கட்டு உண்டு. அதில் ஏறிவிட்டால் உயிர் பிழைக்கலாம்.

ஆனால் கோயில் பூட்டியிருந்தது. சாவி, கோயில் கமிட்டித் தலைவரான சவுரிராயனிடம் இருக்க வேண்டும். அது திண்டிவனத்தில், மகள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. நேற்று அங்கிருந்து திரும்பியவர், ஞாயிற்றுக்கிழமைக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர் கோயிலை அடைவதற்குள் முழங்கால் அளவு செம்மண் தண்ணீர் வந்துவிட்டது. கதவை முப்பது பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள். தேக்குக் கதவு அசையவில்லை. ஜன்னல்களில் இரும்புக் கம்பி.

“தலைவரே, சாவி! ஜல்தி!”

சவுரிராயன் மடியைத் தடவினார். “ஓடி வர்றப்ப... தண்ணில விழுந்துடுச்சிப்பா.”

“எங்க விழுந்திச்சி?” கிருஷ்ணசாமி சட்டையைப் பிடிப்பது போல நெருங்கினார். நாலு பேர் கூடவே திரும்பினார்கள்.

“நான் பார்த்தேன்,” என்றது ஒரு குரல். கோயிலைக் கூட்டிப் பெருக்கும் வெள்ளையம்மாள். “தெரு முனையில வுழுந்திச்சி. அடிச்சிக்கினு போயிடுச்சி. தேடிக்கினு நிக்க நேரமில்ல, பின்பக்கம் வாங்க.”

சவுரிராயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத சாவியை இவள் எப்படிப் பார்த்தாள்? பத்தொன்பது வருஷம் அவள் இடுப்பில் இருந்த சாவி அது. பொறுப்பு தலைவரிடம்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பு பிடுங்கிக்கொண்டவர் அவரே.

கோயிலின் பின்சுவரில் மொட்டை மாடிக்குப் போக இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள். கீழ் மூன்று படிகள் இல்லை. பையன்கள் மேலே ஏறிச் சீட்டாடுகிறார்கள் என்று வெல்டரை வரவழைத்து அறுத்தெறிந்ததும் சவுரிராயன்தான். மிச்சப் படிகள் தலைக்கு மேலே தொடங்கின.

தண்ணீர் தொடையைத் தொட்டது. ஒரு குழந்தை வீறிட்டது.

“யாராச்சும் குனிஞ்சாத்தான் ஏற முடியும்,” என்றார் கிருஷ்ணசாமி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குனிகிறவன்தான் கடைசி.

சவுரிராயனுக்கு நீச்சல் தெரியாது. கிணற்றின் பக்கமே போகாதவர். சுவரில் கைகளை ஊன்றிக் குனிந்தார். மூக்குக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் ஓடியது. “குழந்தைங்கள முதல்ல ஏத்துங்க,” என்றார்.

முதுகில் ஒரு கால். தோளில் ஒரு கால். சேறு கழுத்தில் வழிந்தது. ஒவ்வொருவர் ஏறும்போதும் தண்ணீர் ஒரு விரல் உயர்ந்தது, அவர் முதுகும் அந்த அளவு நிமிர்ந்தது. ஏதோ ஒன்று காலைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது. பாம்பா, கொடியா? கத்தினால் மேலே இருப்பவர் விழுந்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டார். ‘மாதாவே, மாதாவே’ என்பதைத் தவிர ஜெபம் எதுவும் வரவில்லை.

கடைசியாக வெள்ளையம்மாள் நின்றாள். வலது கால் யானைக்கால். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரின் பட்டியலை எழுதியபோது, சாமியாருக்குச் சங்கடம் என்று அவள் பெயரை அடித்தவர் சவுரிராயன். சாமியார் அன்று தரையில் மண்டியிட்டுத்தான் கழுவினார். இவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“என் காலு வேணாங்க தலைவரே. நீங்க ஏறுங்க.”

“வெய்ம்மா. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், வெய்யி.”

அந்தக் கனத்த பாதம் முதுகில் அழுந்தியது. அவர் முகம் தண்ணீருக்குள் போனது. மூச்சு முட்டி, காது இரைந்து, இதோ முடிந்தது என்று நினைத்த கணத்தில் பாரம் விலகியது.

இருமிக்கொண்டே நிமிர்ந்தார். தண்ணீர் நெஞ்சளவு. அவர் ஏறுவதற்குக் குனிய யாரும் இல்லை. மேலே கிருஷ்ணசாமி படிகளில் தொங்கிக்கொண்டு கையை நீட்டினார். சவுரிராயன் அதைப் பிடிக்கவில்லை.

“சாவி தண்ணில வுழல,” என்றார். “திண்டிவனத்துல, பொண்ணு வூட்ல கெடக்குது. பொய் சொல்லிட்டேன். வெள்ளையம்மா, நீ ஏம்மா பார்த்தேன்னு சொன்ன?”

வெள்ளையம்மாள் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

“நேத்து கோயில் கேட்டாண்ட நின்னு பையத் துழாவுனீங்களே, அப்பவே எனக்குத் தெரியும், கதவாண்ட நிக்கறப்ப அதச் சொல்லியிருந்தா உங்கள அடிக்கவே நேரம் சரியா இருந்திருக்கும், புள்ளைங்கள யாரு ஏத்துறது? கையக் குடுங்க!”