கழுதையின் இடது காது

அந்தத் தையற்கடையில் சட்டைக்கு அளவெடுத்ததுண்டு, சோபா உறைக்கு அளவெடுத்ததுண்டு. கழுதைக்கு அளவெடுத்தது அன்றுதான் முதல் தடவை.

வெட்டுமேசைக்கு இந்தப் பக்கம் மாஸ்டர் நின்றார். அவர் மனைவி மூலையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். இருவரும் மாஸ்டரின் மகளோடு வேலை பார்த்தவர்கள். வேலை என்றால் சம்பள வேலை அல்ல. யாராவது பேசினால் அந்தப் பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாக ஓடவிடும் ஒரு மென்பொருள். எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் கூடிச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று சும்மா கொடுக்கிறார்கள். அதை ஆரம்பித்த நாலைந்து பேரில் மகளும் ஒருத்தி. ரத்தத்தில் வந்த நோய் அவளைக் கொண்டுபோய் வருஷம் திரும்பப் போகிறது.

வந்திருந்த பெண்ணுக்குக் கூட்டத்தில் ஸ்டிக்கர் என்று பெயர். அவள் கைப்பைக்குள் கைவிட்டால் வீட்டுச் சாவி வருமோ வராதோ, நாலு ஸ்டிக்கர் நிச்சயம் வரும். கூட வந்த இளைஞன் தராசு. எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பவன். கடைக்குள் நுழைந்ததும் சாய்ந்து தொங்கிய நாள்காட்டியை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"ஆண்டுக் கூட்டத்துக்கு இந்தத் தடவை பொதி நேர்ல வரணும் மாஸ்டர்" என்றாள் ஸ்டிக்கர். "உள்ள ஒரு ஆள் போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி. குழந்தைங்க எல்லாம் கூட நின்னு படம் எடுத்துக்கணும். வேற யார்கிட்டயும் தைக்கக் கொடுக்க எங்களுக்கு மனசு வரல."

பொதி என்பது அந்த மென்பொருளின் சின்னம். முதுகில் எழுத்து மூட்டை சுமக்கும் ஒரு கழுதை. மகள் வரைந்தது. வரைந்ததையும் மென்பொருளைப் போலவே பொதுவில் விட்டுவிட்டாள். அதன்பிறகு அந்தக் கழுதை போகாத இடமில்லை. ஒருவர் அதைச் சைக்கிளில் ஏற்றினார், ஒருவர் குடை பிடிக்கவைத்தார், ஒரு பல் மருத்துவர் அதற்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்தார். யாரோ ஒருவர் ஒரு பள்ளிக்கூடச் சுவர் முழுக்க அதைத் தீட்டிவிட்டுப் படம் அனுப்பினார். மாஸ்டரின் மனைவி தன் தையல் இயந்திரத்தின் மூடியில் அந்தக் கழுதைகளை இடமில்லாமல் ஒட்டி வைத்திருந்தாள். எத்தனை கழுதை வந்தாலும், எந்தக் கை வரைந்தாலும், ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது: இடது காது பாதியில் மடங்கியிருக்கும்.

தராசு காகிதத்தை மேசைமேல் விரித்தான். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படங்கள். மூன்றிலும் இரண்டு காதும் கொடிக்கம்பம் மாதிரி நின்றன.

"காது..." என்றார் மாஸ்டர்.

"கவனிச்சிட்டீங்களா" என்று தராசு முகம் மலர்ந்தான். "இடது காது சரியில்லைன்னு தப்பு கண்டவங்க எழுதிப்போடற குறைப் பலகையில ரொம்ப வருஷமா ஒரு குறை கிடந்துச்சு. அக்கா இருந்தவரைக்கும் அதுல யாரும் கை வைக்கல. அவங்க போனப்புறம், அவங்க பாதியில விட்ட எதுவும் பாதியிலயே நிக்கக்கூடாதுன்னு எல்லாரும் பேசி, ஒண்ணொண்ணா முடிச்சோம் மாஸ்டர். கடைசியா மிச்சமிருந்தது இந்தக் காதுதான். நான்தான் முடிச்சேன்."

கடைசி வார்த்தையில் அவன் குரல் கொஞ்சம் இடறியது. அதற்குமேல் மாஸ்டரால் என்ன சொல்ல முடியும்? அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மூலையில் ஊசி நின்றுபோயிருந்தது.

மகளுக்கு ஐந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போலக் கன்னம் வீங்கியது, வற்றியது. போகும்போது இடது காதின் கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு போனது கொஞ்ச நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் தொலைபேசியை இடது காதில் வைத்துக்கொண்டு, "அத்தை பேசவே மாட்டேங்கிறாங்கம்மா" என்று குழந்தை அழுதபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம். அவளோடு நடந்தால் வலப்பக்கம் நடப்பது, உட்கார்ந்தால் வலப்பக்கம் உட்காருவது. வலப்பக்கத்துக்காக அப்பாவும் அம்மாவும் போட்டி போட்டதும் உண்டு. தோற்றவர் எதிரில் உட்கார்ந்து வாயசைப்பார்.

அவள் முதல் வேலைக்குப் போன சமயம், அவளுடைய மேலாளர் பேண்ட் தைக்கக் கடைக்கு வந்தார். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மாஸ்டர், "சார், அவளுக்கு இடது காது கேக்காது. கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவைத்தார். மேலாளரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவளிடம் ஒவ்வொரு சொல்லாக, உரக்க, குழந்தைக்குச் சோறூட்டுவது போலப் பேசினார். பெரிய கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை விட்டார்.

"நேத்து வரைக்கும் என் வேலையைப் பத்திக் கேட்டாங்கப்பா. இன்னைக்கு என் காதைப் பத்திக் கேக்குறாங்க" என்றாள் வீட்டுக்கு வந்து. "இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் செத்தாலும் சொல்லாதீங்க."

கோபத்தில் எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அது ஒருநாள் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும் என்று யார் கண்டது?

பிறகு இந்தக் கூட்டம் அமைந்தது. அங்கே எல்லாம் எழுத்து. கேள்வியும் எழுத்து, சண்டையும் எழுத்து, சிரிப்பும் எழுத்து. எப்போதாவது திரையில் முகம் பார்த்துப் பேசினாலும் அவர்கள் செய்த மென்பொருளே அவளுக்கு எழுதிக் காட்டிவிடும். "அங்க நான் நான் மட்டும்தான்பா" என்பாள். சின்னம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, இதே வெட்டுமேசையில், மாஸ்டரின் தையல் சாக்பீஸால் பழுப்புக் காகிதத்தில் கழுதையை வரைந்தாள். கழுதை அவள் செல்லப்பெயர். காலையில் எழுப்பும்போது, "எந்திரி கழுதை" என்றுதான் மாஸ்டர் எழுப்புவார்.

"அது என்ன, ஒரு காது படுத்திருக்கு?" என்றார் அன்று.

"தெரியாத மாதிரி கேக்குறதப் பாரு" என்று சிரித்தாள். கூட்டத்தில் யாரோ அதையே கேட்டபோது, 'கழுதைக்குத் தூக்கம் வருகிறது' என்று எழுதிவிட்டாள். அத்தனை ஆயிரம் பேர் நடுவில் அவள் தன்னைக் கொண்டுபோய் வைத்த ஒரே இடம் அதுதான். அதையும் யாருக்கும் தெரியாமல் வைத்தாள்.

வந்தவர்கள் போனதும் மனைவி எழுந்து வந்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு சொல்வாங்க. இது நல்லாயிட்டு வந்திருக்கு" என்றாள். சிரிப்பு வரவில்லை. "ஏங்க, சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"இருக்கறத. அது தப்பு இல்ல, எம் பொண்ணு காதுன்னு."

"சொல்லக்கூடாதுன்னு சொன்னாளே."

"உயிரோட இருக்கறப்ப சொன்னா. இப்ப யாரு அவகிட்ட சத்தமாப் பேசப்போறாங்க?"

மாஸ்டர் சாக்பீஸை எடுத்துத் துணியில் கோடு போட ஆரம்பித்தார்.

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நான் யாரு" என்று சொல்லிவிட்டு அவள் மூலைக்குப் போனாள். "அவ சட்டை துணிமணியெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாச்சு. அந்தக் காது ஒண்ணுதாங்க மிச்சம்."

சாம்பல் நிறத் துணியில் உடம்பு வந்தது, வால் வந்தது, மூட்டை வந்தது. தலைக்குள் பஞ்சு அடைத்து, வாய்ப் பக்கம் வலைத்துணி வைத்தார். காது தைக்க உட்கார்ந்த அன்று கை தானாக ஓடியது. வலது காது நின்றது. இடது காதைப் பாதியில் மடித்து, மடிப்பு தெரியாமல் உள்தையல் போட்டு முடித்தபிறகுதான் என்ன செய்தோம் என்பதே உறைத்தது. பிரிக்கவில்லை. அப்படியே மாட்டிவைத்தார். வருகிறவன் பார்க்கட்டும், பார்த்து அவனாக, 'இதுவே இருக்கட்டும்' என்று சொல்லட்டும் என்று ஒரு நப்பாசை.

தராசுதான் போட்டுக்கொண்டு நடக்கப்போகிறவன். அளவு பார்க்க வந்தான். உடம்பு பொருந்தியது. தலையைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"மாஸ்டர், இடது காது மடங்கியிருக்கே."

"துணி கனம் தம்பி. நிக்க மாட்டேங்குது."

தராசு வலது காதைப் பார்த்தான். "இதுவும் அதே துணிதானே. இது நிக்குதே?"

மனைவி மூலையிலிருந்து இருமினாள். மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல தம்பி... பழைய படம் மாதிரியே இருந்துட்டுப் போகட்டுமேன்னு."

தராசு தலையைப் பக்குவமாக மேசைமேல் வைத்தான். அவன் கேலி செய்யவில்லை. அதுதான் மாஸ்டருக்குக் கஷ்டமாக இருந்தது.

"உங்களுக்கு அப்படி வேணும்னா செஞ்சிடலாம் மாஸ்டர். நீங்க சொல்லி நாங்க மாட்டோம்னு சொல்வோமா? ஒரு காரணம் மட்டும் சொல்லுங்க, ஒரு வரி போதும். காரணம் எழுதாம எதையும் மாத்தக்கூடாதுங்கறது அக்கா போட்ட விதி. எனக்கே எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்காங்க தெரியுமா." கைப்பேசியை எடுத்து, எழுதத் தயாராக வைத்துக்கொண்டான். "சொல்லுங்க."

ஒரு வரிதான். வாய்க்குள் வந்து நின்றது. மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்தாள். அந்த வரியைச் சொன்னால் இவன் எழுதுவான். இவன் எழுதினால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் படிப்பார்கள். படித்து, 'ஐயோ' என்பார்கள். அவள் எழுதிய ஆயிரம் வரிகளையும் திரும்பப் போய், 'பாவம், காது கேட்காமலே இவ்வளவு செய்திருக்கிறாள்' என்று படிப்பார்கள். படத்தில் காது மடங்கிவிடும். ஆனால் அவள் மறுபடியும் அந்த மேலாளருக்கு முன்னால் போய் நிற்பாள்.

"காரணம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார் மாஸ்டர். "கான்வாஸ் வச்சு நிமித்திடறேன்."

தராசு போனான். சட்டைக் காலருக்கு வைத்திருந்த கான்வாஸ் சுருளை மனைவியே எடுத்துவந்து மேசையில் போட்டாள். போட்ட வேகத்தில் கத்தரிக்கோல் துள்ளியது.

மாஸ்டர் இடது காதின் உள்தையலைப் பிரித்தார். அவர் போடும் தையல் லேசில் பிரியாது. அன்று தன் கைத்திறமையையே சபித்துக்கொண்டார். ஒரு முறை மடங்கிய துணி சொன்னபடி கேட்கவில்லை. கான்வாஸை இரட்டையாக வைத்து, அடியில் பஞ்சை அழுத்தி அடைத்து, தலையோடு இறுக்கித் தைத்தார். காது நிமிர்ந்து நின்றது.

ஆண்டுக் கூட்டம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சுவர் நெடுக, இந்த வருஷம் மக்கள் புதிதாக வரைந்தனுப்பிய கழுதைகள். பறக்கும் கழுதை, படிக்கும் கழுதை, குளிருக்குத் துண்டு சுற்றிய கழுதை. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் இரண்டு காதும் நேர். மாஸ்டரின் மனைவி முதல் வரிசையைப் பார்த்துவிட்டு, அடுத்ததைப் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இருவருக்கும் முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள்.

தராசு பொதியாகிக் காலை முழுக்க ஆடினான். குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். மேடையில் அவன் பேசும் முறை வந்ததும், வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான்.

"மாஸ்டர், ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கிறீங்களா? வரிசையில குழந்தைங்க நிக்குது. உங்க உயரம்தான் சரியா இருக்கும்."

தன் கையால் தைத்ததற்குள் மாஸ்டர் இறங்கினார். தலையை மாட்டியதும் மண்டபத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது. இரட்டைக் கான்வாஸும் பஞ்சும் இடது பக்கத்தை முழுக்க அடைத்திருந்தன. அந்தப் பக்கம் உலகமே இல்லை. யாரோ கையைத் தொட்டபோதுதான் அங்கே ஒரு சிறுமி நிற்பதே தெரிந்தது. அவள் உதடு அசைந்தது. மாஸ்டர் கழுத்தைத் திருப்பி, கொஞ்சம் குனிந்து, வலப்பக்கத்தை அவளிடம் கொடுத்தார்.

"நீ ஏன் பேச மாட்டேங்கிறேன்னு கேட்டேன்" என்றாள் சிறுமி.

அதற்கடுத்த குழந்தைக்கும் அப்படியே திரும்பினார். அதற்கடுத்ததற்கும். யாரும் சொல்லித்தரவில்லை. இருபது வருஷத்துக்குமேல் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்த திருப்பம்தான். மோவாய் சற்றே உயர்ந்து, தோள் ஒரு பக்கம் இறங்கி.

ஸ்டிக்கர் படம் எடுத்துக்கொண்டிருந்தவள் கைப்பேசியைக் கீழே இறக்கினாள். அவர் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"மாஸ்டர்" என்றாள். "அக்காவும் இப்படித்தான் தலையைச் சாய்ச்சுக் கேப்பாங்க. திரையில பாக்கறப்பெல்லாம் கவனிச்சிருக்கேன். அது ஏதோ ஸ்டைல்னு நாங்க பேசிக்குவோம். எங்கள்ல பாதிப்பேர் அதப் பாத்து அப்படியே சாய்ப்போம்." கழுதைத் தலையை நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்டைல்தானே மாஸ்டர்?"

வலைத்துணி வழியாக மாஸ்டர் அவளைப் பார்த்தார். கெட்டிக்காரப் பெண். பாதி தூரம் வந்துவிட்டாள். தலையை ஆட்டாமல் நின்றால் போதும், மீதியை அவளே நடந்துவிடுவாள்.

"ஸ்டைல்தாம்மா" என்றார். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ரொம்ப ஸ்டைல் பண்ணுவா கழுதை."

ஸ்டிக்கர் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடப் போனாள். மாஸ்டர் அங்கேயே நின்றார். உள்ளே வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக் கழுதையின் கைக்கு வழியில்லை.

இடது பக்கம் மனைவி எழுந்து வந்து நின்றது அவருக்குத் தெரியாது. அவள் ஏதோ கேட்டாள். பதில் வரவில்லை. கடையிலிருந்து கட்டிவந்த கோபத்தோடு இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தவள், அந்தத் தலை நின்ற விதத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், ஒன்றும் யோசிக்காமல் அவரைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள்.

"தண்ணி வேணுமான்னு கேட்டேன்" என்றாள்.