பிகுல் நட்ட எலுமிச்சம்புல்

மேற்கே வானம் கறுத்தால் பாங்கிராய் ஊரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கால்வாயோரம் தையற்கடை வைத்திருக்கும் பிகுலின் வாசலைத்தான் பார்ப்பார்கள்.

திறந்தவெளியில் எது நடந்தாலும், பந்தியோ கூத்தோ சவச்சடங்கோ, மழையை நிறுத்திவைக்க எலுமிச்சம்புல்லைத் தலைகீழாக நட வேண்டும். தோகை மண்ணுக்குள், வேர் வானத்தைப் பார்த்து. நடுகிறவள் ஆண்வாடை அறியாதவளாக இருக்க வேண்டும். பிகுலுக்கு வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை, அவள் நட்ட எந்த நாளிலும் ஒரு தூறல்கூட விழுந்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கூட வண்டி அனுப்பி அவளை அழைத்துப் போவார்கள்.

அதற்கு முன்பு அவள் வெறும் மிச்சம். கல்யாண வீடுகளில் ஓர் ஓரமாக உட்காரவைத்து, கூடுதலாக ஒரு துண்டு மீனைத் தட்டில் போட்டுப் பெருமூச்சு விடுவார்கள். எலுமிச்சம்புல் கைக்கு வந்த பிறகு அதே ஆட்கள் அவளுக்கு முதல் பாயை விரித்தார்கள். தட்டில் விழுந்த மீன் என்னவோ அதே அளவுதான். ஆனால் பரிதாபத்துக்கும் மரியாதைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது பிகுலுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு வருடம் டெங்குக் காய்ச்சலில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அறுவடைக் கொண்டாட்டத்துக்கு அடுத்த வீட்டு உபொனின் மகள் சிரிவான் புல்லை நட்டாள். அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதே மாதத்தில் சிரிவான் பாங்காக்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு போனாள். வருடப்பிறப்புக்குக்கூட அம்மாவைத்தான் அங்கே வரச் சொல்கிறாள்.

ஆகவே, பிகுல் இரண்டு மாதம் முன்பு கல்யாணம் செய்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பிரயூன், ஐஸ் வண்டிக்காரர், பக்கத்து மாவட்டம், மனைவியை இழந்தவர். நூடுல்ஸ் கடைக்கும் மீன் கடைக்கும் ஐஸ் போட்டுவிட்டுப் போகும் வழியில் தையற்கடைக்கும் தினமும் ஒரு பை இறக்குவார். தையற்கடைக்கு எதற்கு ஐஸ் என்று ஒருவரும் கேட்டதில்லை. வேறு எந்தப் பெண்ணின் வாசலிலாவது ஐஸ் வண்டி ஒரு நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால் ஊர் அதை நூல்நூலாகப் பிரித்திருக்கும். பிகுல் விஷயத்தில் ஊருக்குக் கண் தெரியவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு இருவரும் தனித்தனியாகப் போனார்கள். கையெழுத்துப் போட்டார்கள், எதிர்க்கடையில் வாத்து நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், தனித்தனியாகத் திரும்பினார்கள். அன்றிலிருந்து பிரயூன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வாழைத்தோப்பில் வண்டியை விட்டுவிட்டு, பாலத்தின் வழியாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துபோனார்.

போன வாரம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஒண்ணும் கோழித் திருடன் இல்ல பிகுல். ஐம்பத்திரண்டு வயசுல வாழைத்தோப்புல பதுங்குறேன். அங்க இருக்கிற கொசு மட்டுந்தான் என்னை மாப்பிள்ளையா மதிக்குது."

கோயில் திருவிழாவுக்குள் ஊரிடம் சொல்லிவிடுவதாக அவள் வாக்குக் கொடுத்தாள். சொல்லாவிட்டால் இனிமேல் ஐஸ் மட்டும்தான் வரும், தான் வரப்போவதில்லை என்றார் அவர். மிரட்டுகிற குரல் அல்ல. களைத்துப்போன குரல். அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் சொல்லத்தான் பார்த்தாள். சட்டைக்கு அளவெடுக்கும்போது, நாடாவை எதிராளியின் கழுத்தில் சுற்றியபடி, வாயைத் திறப்பாள். "கை நீளம் போதுமா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வாள்.

திருவிழா நாள் மத்தியானம் மேற்கே மலைபோல மேகம் ஏறியது. இரண்டு நாள் லிக்கே கூத்து. அயுத்தயாவிலிருந்து பேர்போன குழு வந்து கோயில் மைதானத்தில் மேடை கட்டிக்கொண்டிருந்தது. ஊர்த்தலைவர் சங்வான் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் ஒரு கட்டு எலுமிச்சம்புல்லை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பேச்சுத் துணைக்கு உபொனும் வேலி தாண்டி வந்து நின்றாள்.

பிகுல் முழங்கால் வலிக்கிறது என்றாள். குனியக்கூட வேண்டாம், முக்காலி கொண்டுவருகிறேன் என்றார் தலைவர். இளம்பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்றாள். தலைவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காலையிலேயே நாலைந்து வீடு ஏறி இறங்கிவிட்டாராம். ஒரு வீட்டில் பெண்ணுக்கு இருமல். ஒரு வீட்டில் பரீட்சை, அதுவும் விடுமுறை நாளில். இன்னொரு வீட்டில் எலுமிச்சம்புல் வாசனையே மகளுக்கு ஆகாது என்று தாய் சாதித்தாளாம். பக்கத்திலேயே அந்த மகள் தோம்யம் சூப்பை எலுமிச்சம்புல் மிதக்க மிதக்கக் குடித்துக்கொண்டிருந்தாளாம்.

"எந்த அம்மாவும் குடுக்க மாட்டா," என்றாள் உபொன். "நான் குடுத்தேன் பாரு, நான் ஒருத்திதான் முட்டாள்."

 தலைவர் புல்லின் வேரிலிருந்த மண்ணைத் தட்டினார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று பிகுலுக்குத் தோன்றியது. 'தம்பி, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு.' சின்ன வாக்கியம்தான். ஆனால் அதைச் சொன்னதும் அவர் முகத்தில் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் அதிர்ச்சி, பிறகு சிரிப்பு, கடைசியாக, இனி இந்த வாசலுக்கு எதற்கு வர வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கடைசி முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியாது. அவள் கையை நீட்டிப் புல்லை வாங்கிக்கொண்டாள்.

மைதானத்தின் வடக்கு மூலையில், எப்போதும் நடுகிற இடத்தில், ஊதுபத்தி கொளுத்திவைத்தாள். மரியாதைக்காக எல்லோரும் தள்ளி நின்றார்கள். அவள் முழங்காலிட்டாள். வழக்கமாகக் கேட்பது, கூத்து முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இன்றைக்கு அந்தச் சொற்கள் வரவில்லை.  புல்லின் வாசனை கையெல்லாம் ஏறியிருந்தது.

அப்போது ஒரு யோசனை வந்தது. அவளே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. மழை சொல்லிவிடும். முதல் துளி விழுந்ததுமே ஊர் தானாகப் புரிந்துகொள்ளும்.

"சாமிகளே," என்று தாழ்ந்த குரலில், ஆனால் வாய்விட்டே சொன்னாள். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. மாப்பிள்ளை ஐஸ்காரர். என்னால சொல்ல முடியல. நீங்களே சொல்லிருங்க. நல்லாப் பெய்யுங்க."

பிறகு புல்லைத் தலைகீழாக ஆழ நட்டுவிட்டு எழுந்தாள். தலைவர் மேடைக்காரர்களைப் பார்த்துத் தார்ப்பாயை அவிழ்த்துவிடச் சொன்னார்.

மாலையில் சோடாக் கடைக்கு ஐஸ் இறக்க வந்த பிரயூனிடம், இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும், குடை வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவருக்கு இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று விளங்கவில்லை. இருந்தாலும் வண்டியிலிருந்து குடையை எடுத்து வைத்துக்கொண்டார்.

கூத்து தொடங்கியதும் காற்று திரும்பியது. இடி உருண்டது. மைதானமே கழுத்தைத் திருப்பி, முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த பிகுலைப் பார்த்தது. அவள் கண்ணை மூடி, வா, வா என்று உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மழையை விரட்ட மந்திரம் சொல்கிறாள் என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

மழை வந்தது. கால்வாய்க்கு அக்கரையில் வந்தது. வாழைத்தோப்பு முழுக்கக் கொட்டித் தீர்த்தது, அந்தச் சத்தம் மேளத்தையும் அமுக்கியது. இக்கரையில் ஒரு துளி விழவில்லை. அக்கரை ஆட்கள் பாயைத் தலையில் போட்டுக்கொண்டு சொட்டச் சொட்டப் பாலம் கடந்து ஓடிவந்து, காய்ந்த தரையைக் குனிந்து தொட்டுப்பார்த்தார்கள். பிறகு மேகம் அப்படியே வடக்கே நகர்ந்து, மேடைக்கு மேலே நட்சத்திரம் தெரிந்தது.

மைதானம் கைதட்டியது. சிலர் பிகுலை நோக்கிக் கும்பிட்டார்கள். மேடையில் ராஜகுமாரன் வேடக்காரன் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து வானத்தைக் கட்டிப்போட்ட மாசுபடாத தாமரை மொட்டு என்று அவள்மேல் அங்கேயே ஒரு பாட்டைக் கட்டிப் பாடினான். நாற்பத்தேழு வயதுத் தாமரை மொட்டு பாயின் நாரைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. சாமிகள்மேல்தான் முதலில். தெளிவாகத்தானே சொன்னாள். பிறகு சோடாக் கடைப் பக்கம் பார்த்தாள். தலைவர் பிரயூனின் தோளில் கைபோட்டு, அவளைச் சுட்டிக்காட்டி, பெருமையாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பிரயூன் மரியாதையாகத் தலையாட்டினார். அவர் கையில் விரிக்காத குடை. அவர் அவளைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியை மூடி வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

அவள் எழுந்தாள். மேடை ஓரத்தில் ஏறி ராஜகுமாரனிடம் ஒலிவாங்கியைக் கேட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து அவன் வணங்கிக் கொடுத்தான்.

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு," என்றாள் பிகுல். "ரெண்டு மாசம் ஆச்சு. அந்தா நிக்கிறாரே, ஐஸ்காரர், அவருதான்."

 மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. இவ்வளவு காலம் பழகியும் இவளுக்கு இப்படித் தமாஷ் வரும் என்று தெரியாதே என்றார்கள். கோமாளி வேடக்காரன் முகம் வாடிவிட்டது.

தலைவர் மேடையேறி, அன்பாக அவள் முழங்கையைப் பிடித்தார். பதிவு அலுவலகத்தில் எழுதியிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றாள் அவள்.

"ஆபீஸ்ல தப்பு நடக்கும்க்கா. என் பிறந்த வருஷத்தையே தப்பா எழுதி வச்சிருக்கானுங்க. அந்தக் கணக்குப்படி நான் எங்கம்மாவ விட ரெண்டு வயசு மூத்தவன். வானம் அப்படித் தப்புப் பண்ணுமா? ஆயிருந்தா பெஞ்சிருக்கணுமே."

கூட்டம் ஆமாம் என்றது. பிரயூனைக் கேட்டார்கள். அவர் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, உண்மைதான் என்றார். ஊர் மரியாதையைக் கெடுக்க வந்த வெளியூர்க்காரன் என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆதாரம் கேட்டார்கள். பிரயூன் ரொம்ப நேரம் யோசித்தார்.

"தூங்கும்போது பல்லைக் கடிப்பா," என்றார்.

"அது நெசந்தான்," என்று கூட்டத்தின் நடுவிலிருந்து உபொன் குரல் வந்தது. "சுவரு தாண்டி எனக்கே கேக்கும். நான் எலின்னு நெனச்சேன்." சொன்னபிறகு தன் வார்த்தையைத் தானே கேட்டாள் போல. மெல்ல எழுந்து நின்றாள். "அப்போ இவ சொல்றது நெசம்னா, என் பொண்ணு?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கரையிலிருந்து நனைந்து வந்தவர்கள்கூடத் துணி பிழிவதை நிறுத்தினார்கள். யாரும் உபொனின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். பிகுலின் கல்யாணம் வெளியூரில் நடந்தது, விருந்து வைக்கவில்லை, ஊர்ச் சாமிகளுக்குப் படையல் இல்லை, ஆகையால் நம் ஊர் வானத்துக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை என்று ஒரு விளக்கம் சொன்னார். பலருக்கு அது மிகவும் பிடித்துப்போய் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

"கல்யாணம் பண்ணுன செய்தியே வந்து சேராத வானத்துக்கு," என்றாள் உபொன், "என் மக பண்ணாத தப்பு மட்டும் எப்படிப்பா வந்து சேர்ந்துச்சு?"

 தலைவர் பிகுலைப் பார்த்தார். கைகொடு என்று கேட்கிற பார்வை. அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், அவளுக்கு எல்லாம் கிடைத்துவிடும். கணவனும் இருப்பார், முதல் பாயும் இருக்கும். 

"தகவல் போச்சு தம்பி," என்றாள். "நடும்போது நானே வாய்விட்டுச் சொன்னேன். பெய்யச் சொல்லியும் கேட்டேன். பெய்யல. அன்னிக்கு சிரிவான் மழை வேண்டாம்னு கேட்டா, பெஞ்சுச்சு. அவ்வளவுதான். அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல. என் மேலயும் ஒண்ணுமில்ல."

மேடையிலிருந்து இறங்கினாள். அவள் பாய் இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள். வரும் என்று அவள் பயந்த அந்தக் கடைசி முகம் சில பேரிடம் வந்திருந்தது. அதைப் பார்த்தாள், பார்த்தும் கால் தரையில்தான் இருந்தது. பிரயூன் வந்து அவள் பக்கத்தில் நின்றார், குடையோடு.

ராஜகுமாரன் பாட்டை எந்த இடத்தில் விட்டான் என்று மேளக்காரனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். உபொன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைதான மூலைக்கு நடந்தாள், காதில் போனை வைத்து, "அழாதடி, முழுசாக் கேளு," என்று சொல்லிக்கொண்டே.

தலைவர் பின்னாலேயே இறங்கி வந்தார். எப்படியும் ஊரில் ஒரு விருந்து வைத்தாக வேண்டும், மைதானத்திலேயே வைக்கலாம் என்றார். பிறகு குரலைத் தணித்து, அன்றைக்கு யாரை நடச் சொல்வது என்று கேட்டார்.

"யாரும் நட வேணாம்," என்றாள் பிகுல். "வந்தா நனைவோம்."