கடையில் ஆள் இருக்கும்போது

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. மாமனாரின் பட்டன் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து வீடே சோர்ந்து கிடந்தபோது, "இதுக்குப் போயா மாமா இவ்ளோ கவலை? நான் வெப்சைட் போட்டுத் தரேன். ஊர் உலகத்துக்கே பட்டன் விக்கலாம்" என்று சொன்னவள் நான்தான். சொல்லும்போது கொஞ்சம் தொழில் திமிரும் இருந்தது. இணையதளம் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் செய்து தருவதை மாமனாருக்குச் செய்ய மாட்டேனா?

அட்டைப்பெட்டிகள் வந்து முன்னறையை அடைத்துக்கொண்டன. பட்டன், ஜிப், லேஸ், கொக்கி. அத்தை தினமும் ஏதாவது ஒரு பெட்டியில் காலை இடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். நானும் மாமாவும் ஜன்னலோரம் வெள்ளைத்தாளை விரித்து ஒவ்வொரு பட்டனாகப் படம் எடுத்தோம். லேசுப்பட்ட வேலையில்லை. அரக்கு நிறப் பட்டன் திரையில் கறுப்பாகத் தெரியும். பளபளப்பான பட்டனில் என் மூக்கு தெரியும். "ரெண்டு ஓட்டையா நாலு ஓட்டையான்னு தெரியவே இல்லையேம்மா" என்று மாமா பக்கத்திலேயே நின்று நச்சரிப்பார். எரிச்சலாக வரும். மறுபடி எடுப்பேன்.

எல்லாம் முடிந்து, தளத்தைத் திறப்பதற்கு முன்னால், வழக்கமாக எல்லோருக்கும் சேர்க்கிற ஒன்றை இதிலும் சேர்த்தேன். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அதன் அருகே, "இப்போது 9 பேர் பார்க்கிறார்கள்." உண்மையில் அதை யாரும் எண்ணுவதில்லை. நாலு வரிக் கோடிங்தான். நாலுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் வாய்க்கு வந்த எண்ணை அது மாற்றி மாற்றிக் காட்டும். போட்டிக்கு ஆள் நிற்கிறது என்று நினைத்தால் வந்தவர் யோசிக்காமல் வாங்கிவிடுவார். எங்கள் தொழிலில் இது ஒரு சில்லறைப் பித்தலாட்டம். அன்றைக்கு அதைப் பித்தலாட்டம் என்றுகூட நான் நினைக்கவில்லை. கடைக்கு வெள்ளையடிப்பதுபோல நினைத்தேன்.

தளத்தைத் திறந்த காலையில், மடிக்கணினி முன் உட்கார்ந்த மாமா வீடு அதிரக் கூப்பிட்டார். "இங்க வா, சீக்கிரம் வா! பதிமூணு பேரு நிக்கிறாங்க!"

அத்தை ஈரக்கையோடு ஓடி வந்தார். "யாரு? பட்டனுக்கா?"

"பின்ன, உன்னப் பாக்கவா வந்திருக்காங்க?"

அத்தை சிரித்தார். மாமா உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பழைய கடையை மூடியதிலிருந்து பனியனோடு திரிந்துகொண்டிருந்த மனிதர். "அது சும்மா மாமா" என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாளைக்கும் சொல்லவில்லை. மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கடையில் ஆள் இருக்கும்போது எழுந்திருக்க மாட்டார். வாங்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி, அந்த ஆள் படியிறங்கிய பிறகுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார். பழைய கடைக்கு வந்தவர்கள் எப்படியும் ஒரு நேரத்தில் போய்விடுவார்கள். நான் வைத்த எண்ணோ நாலுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

"சாப்பாடு ஆறிப் போச்சு, வந்து உக்காருங்க" என்று அத்தை கத்துவார்.

"ஏழு பேரு இருக்காங்க. எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

"நீங்க இருக்கீங்களா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல?"

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன் போடுகிற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போட்டார். உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அத்தை சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக் கொண்டுவந்து புகட்டிக்கொண்டே, "இந்தப் பாழாப்போன பட்டனுக்காக உசிர விடுங்க" என்று அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் காரணம் என்று தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அன்றைக்காவது சொன்னேனா? இல்லை. செய்ததைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். கோடிங்கைத் திறந்து, மத்தியானமும் இரவும் சாப்பாட்டு நேரத்தில் எண் பூஜ்யமாகும்படி மாற்றி வைத்தேன். பொய்க்கே சாப்பாட்டு இடைவேளை விட்டேன்.

மறுநாள் மாமா நேரத்துக்குச் சாப்பிட வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம ஆளுங்க நல்லவங்கம்மா. கரெக்டா சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாரும் கெளம்பிடறாங்க."

நம்ம ஆளுங்க. நிஜமாக வந்த ஆர்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, நான் கெஞ்சிக் கேட்டதால் அலுவலகத் தோழிகள் வாங்கியவை. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நாளைக்கு வாங்குவார்கள் என்பது அவர் கட்சி.

அந்த வாரம் மாமாவின் பழைய சிநேகிதரான டெய்லர் வீட்டுக்கு வந்தார். அவர் புதிதாகப் பிடித்திருக்கும் கடை பெரியதாம். முன்பக்கத்தில் பாதியை மாமாவுக்குத் தருகிறாராம்.

"துணி தைக்க வர்றவங்க பட்டனுக்கு எங்க போவாங்க? உங்கிட்டதான் வருவாங்க. சாவி செய்யறவன் ஒருத்தன் அந்த எடத்தக் கேட்டு நச்சரிக்கறான். வெள்ளிக்கெழம வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன்."

நான் டீ கொண்டுவந்து வைத்தேன். சரின்னு சொல்லுங்க மாமா, சரின்னு சொல்லுங்க என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். மாமா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு. பதினாறு பேரு. இவங்கள விட்டுட்டு எப்படிப்பா வர்றது?"

டெய்லர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நெசமாவாம்மா? இத்தனை பேரா?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெருமை அந்தப் பார்வையில்.

"ஆமா" என்றேன்.

"அப்ப நீ பெரிய ஆளாயிட்ட" என்று மாமாவின் தோளைத் தட்டிவிட்டு டெய்லர் கிளம்பினார். என் நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது. ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீதானே போட்ட, நீயே சொல்லு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்மேல் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு வரைக்கும் தள்ளிப்போட்டேன். மாமா அதே இஸ்திரிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மாமா, அந்த நம்பர் பொய்."

"எந்த நம்பரும்மா?"

"இத்தனை பேர் பாக்கறாங்கன்னு வருதே, அது. நான்தான் போட்டேன். தானா ஏறும், எறங்கும். அங்க யாரும் இல்ல மாமா."

அவர் திரையைப் பார்த்தார். பதினொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டானது.

"சாப்பாட்டு நேரத்துக்குக் கெளம்பிப் போறாங்களே?"

"அதுவும் நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் மெதுவாக, "நெஜமா எத்தனை பேர்னு பாக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். அதற்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ஒருத்தர்."

அவர் முகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தது. "பரவால்லியே. யாரும்மா அது?"

"நீங்கதான் மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. "டெய்லர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன் மாமா. உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ? எம் மருமக பொய் சொன்னான்னா? வேணாம்."

போனை எடுத்து அவரே டெய்லரை அழைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"எடம் இருக்கா, குடுத்துட்டியா? இருக்கா? சரி, நான் வரேன். இல்லப்பா, வீட்டுலயே உக்காந்து முதுகு வலிக்குது. நாலு மனுஷங்க மொகத்தப் பாக்கணும்போல இருக்கு."

டெய்லரின் குரல் எனக்கும் கேட்டது. "அப்ப அந்தப் பதினாறு பேரு?"

மாமா திரையை ஒருமுறை பார்த்தார்.

"அவங்கள எம் மருமக பாத்துக்குவா" என்றார்.

போனை வைத்துவிட்டு, "இப்ப எந்திரிக்கலாம்ல?" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். தலையாட்டினேன். எழுந்து உள்ளே போனார்.

"அதிசயமா இருக்கே, நேரமாகறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. கடையில ஆளுங்க இல்லியா?" என்றார் அத்தை.

"போயிட்டாங்க."

நான் அவருடைய நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, அந்த நாலு வரியையும் அழித்தேன். பச்சைப் புள்ளி மறைந்தது. "நீயும் வாம்மா, ஆறிடப் போகுது" என்று அத்தை கூப்பிட்டார். வரேன் அத்தை என்றேன். இரண்டாம் முறை மாமா கூப்பிட்டார், எப்போதும் கூப்பிடுகிற அதே குரலில். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.