பதினேழாம் கம்பம்

எங்கள் நார்வே ஊரில் டிசம்பர் மாதம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அதனால் காட்டுக்குள் போகும் பனிச்சறுக்குப் பாதைக்கு நாற்பத்திரண்டு விளக்குக் கம்பங்கள். முன்பெல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அத்தனையும் எரியும், பதினேழாவதைத் தவிர. அது என்றைக்கும் பழுது. அந்த இருட்டில் நின்றுதான் இப்போது என் மனைவியான குன்வோரும் நானும் ஆரஞ்சு தின்போம். ஆரஞ்சு மட்டும்தானா என்று கேட்கக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தைய அந்தக் குளிர்காலங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு நானே நகராட்சியில் விளக்குப் பொறியாளன் ஆனேன். போன வருடம் பதினேழாவதையும் பழுது பார்த்து, எல்லாக் கம்பத்திலும் சென்சார் வைத்தேன். ஆள் நெருங்கினால் பிரகாசம், இல்லாவிட்டால் மங்கல். மின்செலவு பாதியாகும் என்று கூட்டத்தில் மார்தட்டினேன். ஆகவில்லை. குதிரை உயர மான்கள் வந்து விளக்கடியில் மணிக்கணக்காக நின்று பைன் கிளையைக் கடித்துக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மெதுவாக அசைகிற எதற்கும் எரியாதபடி மாற்றினேன். நடக்கும் முன்பே சறுக்கப் பழகுகிற ஊரில் மெதுவாகப் போக யார் இருக்கிறார்கள்? செலவும் பாதிக்குக் கீழே போனது.

இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இரண்டு வருடம் கழித்து, குன்வோர் முதன்முறையாகச் சறுக்குப் பலகை கட்டிப் போனாள். அரை மணியில் திரும்பிவிட்டாள்.

"என்ன, அதுக்குள்ள?"

"உன் விளக்குக்கு என்னை ஆளாவே தெரியல ஓட்வார். ஒண்ணுகூட பளிச்சுனு எரியல. தட்டுத்தடுமாறி வந்தேன். பலகையை யாருக்காவது குடுத்துடு."

"அது மானுக்காகப் போட்ட கணக்கும்மா..."

"அப்ப நான் மானா? கொம்பு எங்க?"

சிரித்தாள்தான். ஆனால் பலகையைத் துடைக்காமல் கொட்டகை மூலையில் போட்டாள். நாற்பது வருடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் முழுக்க யோசித்தேன். மான் நின்றுவிடும். மனிதர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அடுத்த கம்பத்துக்குப் போவார். ஆகவே நகர்கிறவருக்கு எரியட்டும், அடுத்த கம்பத்துக்கும் சொல்லி வைக்கட்டும். ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் மங்கட்டும். அப்படியே கணக்கை மாற்றினேன்.

"ஒரே ஒரு தடவை வா."

"மறுபடி இருட்டுல விட்டே, உன்னை அங்கேயே பனியில புதைச்சுடுவேன்."

அவள் முன்னால் ஊர்ந்தாள். ஒவ்வொரு கம்பமாக அவளுக்கு எரிந்தது. பதினேழாவதும் எரிந்தது. அதன் அடியில் மூச்சு வாங்க நின்றாள். பேசிக்கொண்டே இருந்தோம், விளக்கு மெல்ல மங்கியது.

"என்ன ஆச்சு?"

"நின்னுட்டோம்ல. நம்மளை மான்னு நெனச்சுக்கிச்சு."

"நெனச்சுக்கட்டும்" என்றபடி கையுறையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தாள்.