தட்டு கழுவும் மிஷின்

மிஷின் மறுபடியும் முனகத் தொடங்கியதும் லூர்துமேரி கையிலிருந்த தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுக் காதுகொடுத்தாள். மணலை மெல்வதுபோன்ற அந்தச் சத்தம் நேற்றைவிடக் கூடியிருந்தது. அடியிலிருந்து கசிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் பரவியது. அதன்மேல் பல நாளாகப் போட்டுவரும் சாக்கையே மறுபடி இழுத்துப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் பட்டாளத்து ரயில்களுக்குச் சாப்பாடு போடும் அந்தக் கேன்டீனில் முன்பு ஐந்து பெண்கள் தட்டு கழுவினார்கள். யுத்தம் முற்றியபோது கப்பலில் வந்திறங்கிய இந்த மிஷின் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தட்டை அடுக்கி, மூடி, சுவிட்சைப் போட ஓர் ஆள் போதுமாம். மேனேஜரின் விரல் லூர்துமேரியைக் காட்டியது, அவ்வளவுதான். அந்த நாலு பேரில் ஒருத்தியான எதிர்வீட்டு அம்சவள்ளி இப்போது காணை கிராமத்துப் பக்கம் கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போகிறாள். சோகை கிழித்த கைகளோடு அவள் எதிரே வரும்போதெல்லாம் லூர்துமேரி தலையைக் குனிந்துகொள்வாள். மிஷின் தானாகச் செத்தால் அது யார் பாவம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்.

மத்தியானம் சத்தம் சமையல்கட்டுவரை கேட்டுவிட்டது. மேனேஜர் லோகோ ஷெட்டிலிருந்து ஃபிட்டர் அப்பாதுரையை வரவழைத்தார். அவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

“எத்தினி நாளாம்மா ஒழுவுது?”

“இன்னிக்குத்தாண்ணா.”

கசிவு எங்கே என்று பார்க்க மிஷினை ஓடவிட்டு, ஈரத்தில் வெறுங்காலோடு குந்தி அடித்தகட்டைக் கழற்றினார். “வாஷர் நஞ்சிபோச்சு. தண்ணி மோட்டாருக்குள்ள எறங்கிக்கினு இருக்குது. முன்னயே சொல்லியிருந்தா ஒரு ரப்பர் வெட்டிப் போட்டிருப்பேன்” என்றபடி கையை உள்ளே நீட்டினார். அப்படியே விறைத்தார். பல் கிட்டிக்கொண்டது. கை மோட்டாரை விடவில்லை.

லூர்துமேரி ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். அவர் பக்கவாட்டில் சாய்ந்தார்.

வெகுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தவரிடம், “இன்னிக்கு இல்லண்ணா, ரொம்ப நாளாவே...” என்று ஆரம்பித்தாள்.

“சாக்கு நாத்தத்துலயே தெரிஞ்சிதும்மா” என்றார் அப்பாதுரை. மேனேஜரிடம் மோட்டார் எரிந்துவிட்டது, மெட்ராசுக்குத்தான் அனுப்பவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சாயங்கால ரயிலுக்குப் பழைய பெண்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். அம்சவள்ளி தேங்காய் நாரோடு வந்து தொட்டியருகே உட்கார்ந்தாள். “இன்னாடி மேரி, மூஞ்சி ஏன் இப்பிடி கெடக்குது? அந்தச் சாம்பல இப்பிடித் தள்ளு” என்றாள்.

லூர்துமேரி சாம்பலைத் தள்ளிவிட்டு, காபி வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அப்பாதுரை பிளாட்பாரத்து ஓரம் உட்கார்ந்திருந்தார். டம்ளரை இடது கையால் வாங்கினார். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அதன் விரல்கள் இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தன.