ஆரோக்கியமேரியின் நாக்கு

ஜோசுவா மெக்சிகோவில் சாப்பிட்டதெல்லாம் ஆம்பூரிலிருந்த அவன் மனைவி ஆரோக்கியமேரியின் நாக்கில் ருசித்தது. தோல் பதனிடுவதில் கைதேர்ந்தவன் என்று லியோன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று அவனை அழைத்துக்கொண்ட வாரமே இது தொடங்கிவிட்டது. அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம், இங்கே காலை ஷிப்ட். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள் வெறும் வாயை மெல்வதைப் பார்த்து, பக்கத்து மெஷின் பில்கிஸ், "இன்னாடி துன்ற?" என்று கேட்டாள். "நான் இல்ல, அவரு. பன்னுக்குள்ள பன்னித்தோல் வறுவல் வெச்சுத் துன்றாரு." பில்கிஸ், பாவம் பொறுக்கணும் என்று தௌபா சொல்லி ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாளிலிருந்து, இன்றைக்கு என்ன என்று முதலில் கேட்டவளும் அவள்தான்.

இங்கே இருந்தவரை திருப்பத்தூர் தாண்டிச் சுற்றிப்பார்க்கப் போகாத ஜோசுவா, அங்கே லீவு கிடைத்தால் பஸ் ஏறினான். மலை முழுக்கக் கலர் கலராக வீடுகள் அடுக்கிய குவானஹுவாத்தோ, ஓடு பதித்த சுவர்களுள்ள புவெப்லா என்று படங்கள் அனுப்புவான். சாப்பாட்டைப் பற்றி மட்டும் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை நடுவே அவள் வாய் காரமும் கசப்புமாக நிறைந்தது. வீட்டுக்கு வந்ததும் போன் போட்டாள். "கோழிக்கறியில யாராச்சும் சாக்லேட் போடுவாங்களா?" "போட்டுட்டாங்க மேரி. மிளகா, எள்ளு, சாக்லேட்டு எல்லாத்தையும் அரைச்சு ஊத்துறாங்க. மோலேன்னு பேரு. நீயும் வந்து இந்த ஊருங்களப் பாக்கணும்." வஹாக்கா என்ற ஊரில் அவன் எலுமிச்சை பிழிந்த வெட்டுக்கிளி வறுவல் தின்றபோது குழாயடிக்கு ஓடித் துப்பினாள். இரண்டாம் தடவை துப்பவில்லை.

மூன்றாம் வருடம், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சட்னியின் காரம் பாதியில் நின்றது. உப்பும் போயிற்று. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். வஹாக்கா மலைப்பாதையில் பஸ் உருண்ட செய்தி மறுநாள்தான் வந்தது.

மலையடிவார ஊர் ஒன்றில் அவனை அடக்கம் செய்திருந்தார்கள். விசா கிடைத்து அவள் போய்ச் சேர அடுத்த கல்லறைத் திருநாள் ஆகிவிட்டது. அவன் போன ஊர்களிலெல்லாம் இறங்கினாள். அவன் படம் எடுத்த கடைகளைத் தேடி உட்கார்ந்து, அவன் தின்றதையே கேட்டு வாங்கினாள். எல்லாம் நனைந்த காகிதம் போலிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. துலுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் நம்மூர் மாதிரியேதான். கூடவே பாட்டுக் கச்சேரி, ரொட்டி, மோலே. செத்தவர்களைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். ஜோசுவாவின் கல்லறையிலும் பூ இருந்தது. பக்கத்துக் கல்லறைக்காரரின் மனைவி லூப்பே, கேட்க ஆளில்லையே என்று வைத்தது.

தன் நாக்கு செத்துப்போனதை ஆரோக்கியமேரி போனில் தமிழில் சொன்னாள். போன் அதை ஸ்பானிஷில் மாற்றிச் சொன்னது. லூப்பே வியக்கவில்லை. அவள் பதிலைப் போன் தமிழாக்கியது: "ருசி சாகவில்லை. அவர் எடுத்துக்கொள்கிறார். இறந்தவர்களுக்கு வாய் கிடையாது. என் கணவருக்கும் நான்தான் சாப்பிடுகிறேன்." பிறகு ஒரு தட்டு மோலேயை நீட்டினாள். ஆரோக்கியமேரி அழுதுகொண்டே தட்டை வழித்துத் தின்றாள். ஒன்றும் ருசிக்கவில்லை.

திரும்பி வந்ததும் வேலூரில் ஒரு டாக்டர் பார்த்து, நாக்கில் கோளாறில்லை என்றார். அது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய்த் தொக்கைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வைத்துக்கொள்கிறாள். யாராவது ஆற்காடு போனால் அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லிவிடுகிறாள். உப்புப் பார்ப்பதற்கு மட்டும் பில்கிஸ் வேண்டும். போன மழைக்குக் காய்ச்சல் கண்டபோது பில்கிஸ்தான் நிலவேம்புக் கசாயம் வைத்துக் கொண்டுவந்தாள். ஆரோக்கியமேரி டம்ளரை வாங்கி, "இன்னாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். பில்கிஸ், அவருக்கு என்று கொஞ்சம் சர்க்கரை கொடுத்தாள்.