பனிக்குடம் ஏன் உடைந்தது?

...வாளியைத் தூக்கினாளாம், அதனால்தான் ஏழாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டதாம்! மாமியார் காலையிலிருந்து மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது, குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு வெளியே இந்த பெஞ்சில் யார் வந்து உட்கார்ந்தாலும் அதே பாட்டு, பக்கத்திலேயே இருக்கிறாள் மருமகள், செவிடா அவள்? மடியில் கிடக்கிறது நச்சுக்கொடியைச் சோதித்த ரிப்போர்ட், கிருமித் தொற்று, பனிக்குடச் சவ்வு முழுக்க அழற்சி, பட்டவர்த்தனமாகப் போட்டிருக்கிறது, இதில் வாளி எங்கே வந்தது... பத்து வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இதுகூடவா படிக்கத் தெரியாது? கணவனிடம் நீட்டினால், "விடு, அம்மா ஏதோ பேசிட்டுப் போறாங்க" என்கிறான். விடுவதாம்! உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒன்றேகால் கிலோவாக மகள் மூச்சுக்குத் திணறுகிறாள், எதை விடுவது?

சொல்லாமலா இருந்தாள்? நீர்க்கடுப்பு என்று ஒரு தடவையா சொன்னாள், சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று கொதிக்கிறது டாக்டர், அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது டாக்டர்... அந்தம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை, "மாசமா இருந்தா இதெல்லாம் இருக்கத்தான்மா செய்யும், தண்ணி நிறையக் குடிங்க", அவ்வளவுதான், அடுத்த ஆளுக்கு மணி அடித்தாயிற்று. ஒரு சிறுநீர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் கை தேய்ந்தா போகும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும், இன்றைக்கே, ரவுண்ட்ஸ் வரட்டும், அவர் சொன்னதை அவர் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும், பயப்படாதீங்கம்மா, மாசமா இருந்தா கொஞ்சம் ஏறத்தான் செய்யும்...

ஏறத்தான் செய்யுமா? இதை டாக்டர் சொல்லவில்லையே. ஐயோ, இது அவளே சொன்னது. பத்து நாளைக்கு முன்னால், வேலை முடிகிற நேரம், கவுன்டருக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், "அக்கா, இந்த அழற்சி டெஸ்ட்டுல நம்பர் ஜாஸ்தியா இருக்கே, இன்னிக்கே டாக்டரைப் பாக்கணுமா?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, தனக்கே காய்ச்சல், பையைத் தோளில் மாட்டியபடியே பதில் சொன்னாள். அந்தப் பெண் எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தாள்...

"கைய கழுவிட்டு வாங்க, பாப்பாவைப் பாக்கலாம்" என்று நர்ஸ் கதவைத் திறந்தாள். எழுந்தவள் போனை எடுத்து வேலை செய்யும் இடத்துக்கு அடித்தாள். "புள்ளையப் பாக்கக் கூப்பிடுறாங்க, இப்போ யாருக்குடி போன்?" என்று மாமியார் அதட்டினாள். மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுத்தால் என்னவென்று கேட்பது, அந்தப் பெண்ணின் பெயர் என்ன, ரிப்போர்ட்டில் நம்பர் எத்தனை இருந்தது, இருபதா, இருநூறா... பார்த்திருந்தால்தானே தெரியும்.